தவற்றை மறைத்த பின் ஒழுங்கு விசாரணையை எதிர்கொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

பணியில் செய்த ஒரு தவற்றை மறைத்து, அது பின்னர் வெளிப்பட்டு, விசாரணைக்கு வருமாறு கடிதம் பெற்றிருக்கும் ஊழியருக்காக இதை எழுதுகிறேன். செய்யாத குற்றத்திற்கு ஆளானவரின் வழி வேறு. அவருக்கு இதில் சில பகுதிகள் மட்டுமே பயன்படும். நடந்தது உண்மை என்று தன் மனத்திற்குத் தெரிந்த ஒருவர், அந்த உண்மையை வைத்துக்கொண்டு விசாரணை அறைக்குள் எப்படிப் போவது என்பதே இங்குள்ள பொருள்.

நானும் அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றியபோது ஒரே பில்லுக்கு இருமுறை பணம் அனுப்பிவிட்டேன். இரண்டாவது தொகையைச் சரக்கு தந்தவருக்குக் கொடுத்த முன்பணம் என்று கணக்கில் பதிந்தேன். நான்கு மாதம் கழித்துத் தணிக்கையாளர் கேட்டபோது, முன்பணம் வேண்டுமென்று அவர்களே கேட்டதாகச் சொன்னேன். இருமுறை போன பணம் ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது; விசாரணையோ பெரும்பகுதி நேரம் மற்ற இரண்டைப் பற்றியே நடந்தது. அதன்பின் பல ஆண்டுகள், இதே நிலையில் இருந்த சக ஊழியர்களுக்கு விசாரணையில் உதவியாளராக அருகில் அமர்ந்தேன். அவர்கள் சறுக்கிய இடங்கள் வியப்பூட்டும் வகையில் ஒன்றுபோலவே இருந்தன, அவற்றில் பெரும்பாலானவை விசாரணை நாளுக்கு முன்பே, வேலைகளை வரிசை மாற்றிச் செய்ததால் வந்தவை. ஆகவே கீழே உள்ள வரிசையை இயன்றவரை அப்படியே பின்பற்றுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குற்றச்சாட்டுக் கடிதம் அல்லது மெமோ, அதனுடன் தரப்பட்ட இணைப்புகள், உங்கள் நியமனக் கடிதம், நிறுவனத்தின் ஒழுங்கு விதிகள் அல்லது நிலையாணைகள், இதுவரை வந்த எச்சரிக்கைக் கடிதங்களோ பாராட்டுக் கடிதங்களோ இருந்தால் அவை, புதிய நோட்டுப் புத்தகம் ஒன்று. விதிநூல் உங்களிடம் இல்லையென்றால் மனிதவளப் பிரிவிடம் எழுத்து மூலம் கேளுங்கள். அது வரும்வரை விளக்கம் எழுத உட்காராதீர்கள். எந்த விதியின் கீழ் என்ன தண்டனை வரக்கூடும் என்று தெரியாமல் எழுதும் விளக்கம், தேவையற்ற இடத்தில் நீண்டு தேவையான இடத்தில் குறுகிவிடும்.

1. பாதிப்பு இன்னும் தொடர்கிறதா என்று முதலில் பாருங்கள்

மறைக்கப்பட்ட தவறு இந்த நிமிடமும் யாருக்காவது தீங்கு செய்துகொண்டிருக்கலாம். எடுக்காத அளவீட்டை எடுத்ததாக எழுதிய இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். தவறாகப் பதிந்த மருந்தளவு அடுத்த ஷிஃப்ட்டில் இருப்பவரிடம் போயிருக்கும். சோதிக்காத பொருள் கிடங்கிலிருந்து வெளியே அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கும். அப்படி ஒன்று இருந்தால் மற்ற எல்லாப் படிகளும் இதற்குப் பின்னால்தான். பொறுப்பான அதிகாரிக்கு இரண்டு வரியில் எழுதுங்கள்: எது சரிபார்க்கப்பட வேண்டும், எந்தத் தேதியிலிருந்து. உங்கள் நோக்கத்தையும் வருத்தத்தையும் அந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம்.

இது உங்களுக்கு எதிராகப் பயன்படாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பயன்படலாம். ஆனால் மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருக்கும் இடத்தில் இன்னும் ஒரு நாள் மௌனமாக இருப்பது, பழைய மறைப்பின் தொடர்ச்சியாக இல்லாமல் புதிய மறைப்பாகவே எண்ணப்படும். அப்படி எண்ணுவது நியாயமும் கூட.

2. எதையும் அழிக்காதீர்கள், எதையும் திருத்தாதீர்கள்

கடிதம் கிடைத்த இரவில்தான் மிகப் பெரிய சேதம் நடக்கிறது. பழைய வாட்ஸ்அப் செய்திகளை நீக்குவது, மெயில்களைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்புவது, பதிவேட்டில் விட்டுப்போன கையெழுத்தை இப்போது போட்டுவைப்பது, கணினியில் பதிவைச் “சரியானபடி” மாற்றிவிடுவது என்று பயத்தில் கை தானாகவே இயங்கும். கணக்கு மென்பொருள்கள் பலவற்றில் ஒவ்வொரு மாற்றமும் எந்தப் பயனர் பெயரில், எத்தனை மணிக்குச் செய்யப்பட்டது என்று பதிவாகிக்கொண்டே இருக்கும். மெயில் சர்வரில் நகல் இருக்கும். செய்தியைப் பெற்றவரின் தொலைபேசியிலும் அது இருக்கும்.

அழித்தது கண்டுபிடிக்கப்பட்டால், பழைய தவறு மன்னிக்கத்தக்கதாக இருந்தாலும் புதியது அப்படி இருக்காது. உங்களுக்குச் சாதகமான சான்றும் பல சமயம் அதே செய்திகளுக்குள்தான் கிடக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பணி அழுத்தத்தைப் பற்றி மேலதிகாரிக்கு நீங்கள் முன்பே எழுதிய மெயிலையும் சேர்த்து அழித்துவிட்டு, பின்னர் அதைத் தேடி அலைந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு எதிரான தவறும் உண்டு. அலுவலக ஆவணங்களைக் கட்டுக்கட்டாகத் தனிப்பட்ட மெயிலுக்கு அனுப்பிக்கொள்வது ரகசியத் தகவல் மீறல் என்ற தனிக் குற்றச்சாட்டாக மாறக்கூடும். உங்களுக்கு எந்த ஆவணம் தேவை என்பதைத் தேதியோடு பட்டியலிட்டு, நிர்வாகத்திடம் எழுத்து மூலம் நகல் கேட்பதே பாதுகாப்பான வழி.

சாட்சியாக வரக்கூடிய சக ஊழியர்களை அழைத்து “நீ என்ன சொல்லப் போகிறாய்?” என்று கேட்பதையும் இதே வகையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நல்லெண்ணத்தோடு பேசியிருந்தாலும், அவர் விசாரணையில் “என்னை அழைத்துப் பேசினார்” என்று சொல்லும்போது அது சாட்சியைக் கலைக்கும் முயற்சியாகவே ஒலிக்கும்.

3. கடிதத்தை மூன்று முறை படியுங்கள், ஒவ்வொரு முறையும் வேறு நோக்கத்தோடு

முதல் வாசிப்பில் தேதிகளை மட்டும் எடுங்கள்: பதில் எப்போதுக்குள், விசாரணை என்று, எங்கே, யார் முன்னிலையில். இரண்டாவது வாசிப்பில் குற்றச்சாட்டுகளைத் தனித்தனி வாக்கியங்களாகப் பிரித்து எண் இடுங்கள். ஒரே பத்தியில் மூன்று குற்றச்சாட்டுகள் கலந்து எழுதப்பட்டிருப்பது சாதாரணம். மூன்றுக்கும் ஒரே பதில் எழுதினால், உண்மையில்லாத ஒன்றையும் நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். மூன்றாவது வாசிப்பில் சான்றுகளைப் பாருங்கள்: எந்த ஆவணத்தை, யாருடைய வாக்குமூலத்தை அவர்கள் நம்புகிறார்கள், அதன் நகல் உங்களுக்குத் தரப்பட்டிருக்கிறதா.

இதில் முக்கியமான சொல் வேறுபாடு ஒன்று இருக்கிறது. “கவனக்குறைவு” என்று கடிதம் சொல்வதும் “நேர்மையின்மை” என்று சொல்வதும் ஒன்றல்ல. முதலாவது, வேலை செய்த விதத்தைப் பற்றியது; பெரும்பாலும் எச்சரிக்கையோடு முடியும். இரண்டாவது, உங்களை இனி நம்பலாமா என்ற கேள்வி. பணிநீக்கம் வரை போகக்கூடியது. எந்தக் குற்றச்சாட்டுக்கு எந்தச் சொல் போடப்பட்டிருக்கிறது என்று அடிக்கோடிட்டு வையுங்கள்.

காலக்கெடு போதவில்லை என்றால் அது முடியும் முன்பே, காரணத்தோடும் குறிப்பிட்ட புதிய தேதியோடும் நீட்டிப்புக் கேளுங்கள். கெடு முடிந்தபின் வரும் வேண்டுகோள், நியாயமானதாக இருந்தாலும், தட்டிக்கழிப்பதாகத் தோன்றும்.

பணியிடை நீக்கம் செய்யப்பட்டிருந்தால், அது தண்டனையா, விசாரணை முடியும்வரை விலகி இருக்கச் சொல்லும் ஏற்பாடா என்பதைக் கடிதத்தில் பாருங்கள், பெரும்பாலும் இரண்டாவதுதான். அந்தக் காலத்தில் கிடைக்க வேண்டிய பணம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் நிலையாணைகள் பொருந்தும் தொழிலாளருக்கு முதல் 90 நாள் ஊதியத்தில் 50 சதவீதமும், தாமதம் அவரால் ஏற்படாதபோது அதன்பின் 75 சதவீதமும் பிழைப்பூதியமாகத் தரப்பட வேண்டும். மலேசியாவின் 1955 ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், விசாரணைக்காக ஒரு வாரத்துக்கு மேல் விலக்கி வைக்கக்கூடாது என்றும், அந்தக் காலத்தில் பாதி ஊதியத்துக்குக் குறையக்கூடாது என்றும் சொல்கிறது. உங்களுக்குப் பொருந்தும் விதி எது என்பதை அடுத்த படியில் வரும் ஆளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. எழுதும் முன் ஓர் உதவியாளரைத் தேடுங்கள்

பலர் விளக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, விசாரணைக்கு முதல் நாள்தான் உதவி தேடுகிறார்கள். அதற்குள் அவர்களின் நிலைப்பாடு எழுத்தில் பதிவாகிவிடுகிறது. உதவியாளர் முதலில் வரவேண்டும். விளக்கம் அதற்குப் பின்புதான்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982 ஆம் ஆண்டின் 158 ஆம் உடன்படிக்கை, நடத்தையைக் காரணமாகக் காட்டிப் பணிநீக்கம் செய்யும் முன் ஊழியர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும் என்கிறது; அதனுடன் வந்த 166 ஆம் பரிந்துரை, அப்போது வேறொருவரின் உதவியைப் பெறும் உரிமையையும் சொல்கிறது. எல்லா நாடுகளும் அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை என்றாலும், பல நிறுவனங்களின் விதிநூலில் இந்த உரிமை ஏதேனும் ஒரு வடிவில் இருக்கும். சில இடங்களில் சக ஊழியர், சில இடங்களில் தொழிற்சங்கப் பிரதிநிதி, சில இடங்களில் அனுமதி பெற்று வழக்கறிஞர். உதவியாளர் உங்களுக்காகப் பேசலாமா, குறிப்பெடுக்க மட்டும்தானா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

யாரைத் தேர்வது என்பதில் என் கருத்து உறுதியானது: உங்கள்மேல் அன்புள்ள நண்பரைவிட, உங்களிடம் “இது பொய் மாதிரி இருக்கிறது” என்று சொல்லக்கூடியவரைத் தேர்ந்தெடுங்கள். தவற்றில் ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ளவரை ஒருபோதும் வேண்டாம்.

பணக் கையாடல், போலி ஆவணம், ஒருவருக்கு ஏற்பட்ட காயம் என்று காவல்துறை வரை போகக்கூடிய விஷயமாக இருந்தால், எழுத்தில் எதையும் கொடுக்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். உள்விசாரணையில் நீங்கள் தரும் ஒப்புதல் வேறு இடத்திலும் சான்றாகக்கூடும். அடுத்த படியில் நான் சொல்லும் குறிப்புகளைக்கூட, அப்படிப்பட்ட நிலையில் வழக்கறிஞரைக் கேட்டபின் எழுதுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் ராஜினாமா எண்ணமும் வரும். அவமானத்திலிருந்து உடனே தப்ப வேண்டும் என்ற தவிப்பில் எழுதும் ராஜினாமாவைத் திரும்பப் பெறுவது கடினம். விசாரணை நிலுவையில் இருக்கும்போது அதை ஏற்காத நிறுவனங்கள் உண்டு. ஏற்றுக்கொண்டு, பணிச்சான்றில் “விசாரணை நிலுவையில் விலகினார்” என்று குறிப்பிடும் நிறுவனங்களும் உண்டு. விலகுவது சரியான முடிவாக இருக்கும் சந்தர்ப்பங்கள் இருக்கின்றன, ஆனால் அதை நிலுவைத் தொகை, பணிச்சான்றின் வாசகம் இரண்டையும் உதவியாளரோடு பேசித் தீர்மானியுங்கள்.

5. உங்களுக்காக மட்டும் ஒரு காலவரிசை எழுதுங்கள்

நோட்டுப் புத்தகத்தில் நடந்ததைத் தேதி, நேரம் வாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: நீங்கள் என்ன செய்தீர்கள், அப்போது உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, யாரிடம் என்ன சொன்னீர்கள். இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விசாரணையில் அதிகம் கேட்கப்படுவதும் அதுதான்: “தவறு என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது?”

என் காலவரிசையில் முதலில் எழுதியபோது, இருமுறை பணம் போனதைத் தணிக்கையில்தான் கவனித்தேன் என்று எழுதினேன். என் உதவியாளராக வந்த மூத்த ஊழியர், “அப்படியானால் முன்பணம் என்று ஏன் பதிந்தீர்கள்?” என்று ஒரு கேள்விதான் கேட்டார். தெரிந்த நாள், பணம் அனுப்பிய மறுநாள். அதை அந்த நோட்டில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நமக்கு நாமே சொல்லி வைத்திருக்கும் கதை இந்தப் படியில் உடையாவிட்டால் விசாரணை அறையில், மேசைமேல் வைக்கப்படும் ஒரு கணினிப் பதிவின் முன்னால் உடையும்.

நினைவில் இல்லாத இடங்களை வெற்றிடமாகவே விடுங்கள். ஊகித்து நிரப்பினால், மீண்டும் மீண்டும் படிக்கும்போது அதுவே நினைவாகிவிடும்.

6. தவற்றையும் மறைப்பையும் தனித்தனியாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தாளை நான்கு பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்தியில் மூலத் தவறு. இரண்டாவதில், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட மௌனம். மூன்றாவதில், மறைக்கும் நோக்கில் நீங்கள் செய்த செயல்: பதிவை மாற்றியது, முன்தேதியிட்டது, ஆவணத்தை ஒளித்தது. நான்காவதில், கேட்டவர்களிடம் சொன்ன பொய்யும், மற்றவரை இதில் சேர்த்துக்கொண்டதும். காலவரிசையின் ஒவ்வொரு வரியும் இவற்றில் ஏதோ ஒன்றில் விழும்.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம், விசாரிப்பவர் இந்த நான்கையும் ஒரே எடையில் வைப்பதில்லை என்பதுதான். பயத்தில் இரண்டு நாள் மௌனமாக இருந்தவரையும், இரண்டு மாதம் கழித்துத் தணிக்கையாளரிடம் முகம் பார்த்துப் பொய் சொன்னவரையும் யாரும் ஒன்றாக நினைக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் “ஒரு தவறு நடந்துவிட்டது” என்ற ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனால், அந்த மூட்டைக்குள் இருக்கும் மிக மோசமான பொருளின் எடையே முழுவதற்கும் போடப்படும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஊழியர்கள் மூலத் தவற்றைப் பற்றியே மணிக்கணக்கில் விளக்குகிறார்கள். மென்பொருள் மெதுவாக இருந்தது, இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்த்தோம், பயிற்சி தரவில்லை என்பன உண்மையாகவே இருக்கும். ஆனால் இவை எதுவும், மறுநாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பதிலாகாது. நான்கு பத்திகளையும் முன்னால் வைத்துப் பார்த்தால், உங்கள் விளக்கங்கள் அனைத்தும் முதல் பத்தியில் குவிந்திருப்பதும், மற்ற மூன்றும் காலியாக இருப்பதும் கண்ணுக்குத் தெரியும். அந்தக் காலி இடங்களில்தான் நீங்கள் உழைக்க வேண்டும்.

மூன்றாவது, நான்காவது பத்திகளில், குற்றச்சாட்டுக் கடிதத்தில் இல்லாத ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதே நிகழ்வைச் சேர்ந்ததாக இருந்தால், நீங்களே சொல்லிவிடுவது நல்லது என்பது என் தீர்ப்பு. விசாரணை பாதியில் இருக்கும்போது அது வெளிப்பட்டால், அதுவரை நீங்கள் சொன்ன உண்மைகளும் மதிப்பிழக்கும். தொடர்பே இல்லாத பழைய விஷயங்களைத் தேடிக் கொட்ட வேண்டியதில்லை. இரண்டுக்கும் இடையிலான கோடு எங்கே என்பதை உதவியாளரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

7. எழுத்துப்பூர்வ விளக்கத்தைத் தயாரியுங்கள்

குற்றச்சாட்டின் எண்களையே உங்கள் விளக்கத்துக்கும் தலைப்பாக்குங்கள். ஒவ்வொன்றின் கீழும் முதல் வாக்கியம் “ஒப்புக்கொள்கிறேன்”, “மறுக்கிறேன்”, “இன்ன பகுதியை ஒப்புக்கொண்டு இன்ன பகுதியை மறுக்கிறேன்” என்ற மூன்றில் ஒன்றாக இருக்கட்டும். விவரம் அதன்பின் வரட்டும். விசாரிப்பவர் உங்கள் நிலையைத் தேடி இரண்டு பக்கம் படிக்க வைத்தால், மறைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை என்ற எண்ணமே அவருக்குத் தோன்றும்.

இங்கே தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பொறி இருக்கிறது. செய்தவரைச் சொல்லாமலே செயலைச் சொல்ல நம் மொழி எளிதாக இடம் தருகிறது. “பதிவு மாறிவிட்டது” என்றால் யாரும் மாற்றவில்லை. “பதிவை மாற்றினேன்” என்றால் நான் மாற்றினேன். “தகவல் விடுபட்டது”, “பணம் போய்விட்டது”, “தேதி திருத்தப்பட்டது” ஆகியவை எல்லாம் இலக்கணப்படி சரியான வாக்கியங்கள்தாம், ஆனால் மறைப்புக் குற்றச்சாட்டுக்கு எழுதும் பதிலில் ஒவ்வொன்றும் இன்னொரு மறைப்பாகப் படிக்கப்படும். வரைவை எழுதி முடித்ததும், உங்கள் செயல்கள் வரும் வாக்கியங்கள் எல்லாம் “மாற்றினேன்”, “பதிந்தேன்” என்று தன்மை ஒருமையில் முடிகின்றனவா என்று பென்சிலோடு சரிபாருங்கள்.

என் விளக்கத்தின் இரண்டாவது வரைவு ஏறத்தாழ இப்படி இருந்தது: “இரண்டாம் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். பணம் இருமுறை சென்றதை மறுநாள் காலையில் அறிந்தேன். அதை மேலாளரிடம் தெரிவிக்காமல், முன்பணம் என்ற தலைப்பில் பதிந்தேன். அது உண்மையல்ல என்று பதியும்போதே எனக்குத் தெரியும். இந்தச் செயலை யாரும் செய்யச் சொல்லவில்லை. யாருக்கும் தெரிவிக்கவும் இல்லை.” இவ்வளவுதான். முதல் வரைவு நான்கு பக்கம் இருந்தது, அதில் “தெரியும்” என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

உண்மையில்லாத குற்றச்சாட்டை, பணிவு காட்டுவதற்காக ஒப்புக்கொள்ளாதீர்கள். சொந்த லாபத்திற்காகச் செய்ததாகக் கடிதம் சொல்லி, அது பொய்யென்றால், அந்தப் பகுதியை மட்டும் தெளிவாக மறுத்து, அதற்கான சான்றைக் காட்டுங்கள். மற்றவற்றை நேராக ஒப்புக்கொண்டவரின் மறுப்புக்குத் தனி மதிப்பு இருக்கிறது. நிர்வாகம் தயாரித்து நீட்டும் ஒப்புதல் கடிதத்தில் அந்த இடத்திலேயே கையெழுத்திடவும் வேண்டாம். படித்துப் பார்க்க நேரம் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

8. சூழலைச் சொல்லுங்கள், ஆனால் ஒப்புதலுக்குப் பின்

பணிச்சுமை, உடல்நலக் குறைவு, வீட்டில் ஏற்பட்ட இழப்பு, தவறு சொன்னவரைப் பலர் முன் கடிந்துகொள்ளும் மேலாளர் ஆகியவை தண்டனையைத் தீர்மானிப்பதில் உண்மையிலேயே இடம்பெறும். தனிப் பகுதியாக, விளக்கத்தின் இறுதியில், சான்றோடு வையுங்கள். மருத்துவச் சான்று, வருகைப் பதிவு, கூடுதல் ஆள் கேட்டு எழுதிய மெயில் போன்றவை பேச்சைவிட வலுவானவை.

ஒப்புதலுக்கு முன்னால் சூழலை வைத்தால் அது சாக்காக மாறுகிறது. பின்னால் வைத்தால் காரணமாக நிற்கிறது. “எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்” என்ற வாக்கியத்தை மட்டும் எந்த இடத்திலும் வைக்காதீர்கள். அது உண்மையாக இருந்தாலும், பெயரும் சான்றும் இல்லாமல் சொன்னால் சக ஊழியர்கள் அனைவரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். அந்த நடைமுறையை மேலதிகாரிகள் அறிந்தே அனுமதித்தனர் என்பதற்கு எழுத்துச் சான்று இருந்தால் மட்டும் அதைத் தனி வாதமாக வையுங்கள்.

இதே பகுதியில், சரிசெய்ய நீங்கள் இதுவரை செய்ததையும் இனி செய்யக்கூடியதையும் எழுதுங்கள். “இனி இப்படி நடக்காது” என்பதில் யாருக்கும் பிடிப்பு இருக்காது. “பணம் அனுப்பும் முன் பில் எண்ணை இன்னொருவர் ஒப்பிட்டுக் கையெழுத்திடும் முறைக்கு நான் உட்படத் தயார்” என்பதில் பிடிக்க ஏதோ இருக்கிறது. இழப்பை உங்கள் கைப்பணத்தால் ஈடுகட்டுவதாக எழுதும் முன் மட்டும் ஆலோசனை கேளுங்கள், ஏனெனில் கையாடலை ஒப்புக்கொண்டதாக அது பொருள்படுத்தப்படலாம்.

9. ஒத்திகை பாருங்கள்

உதவியாளர் விசாரிப்பவராக அமர்ந்து, கடினமான மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: எப்போது தெரிந்தது, ஏன் சொல்லவில்லை, கண்டுபிடிக்கப்படாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்களா. மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலோர் “கட்டாயம் சொல்லியிருப்பேன்” என்று பாய்ந்து பதில் சொல்கிறார்கள். நான்கு மாதம் சொல்லாதவர் அப்படிச் சொன்னால் யார் நம்புவார்? “சொல்ல நினைத்த நாள்கள் இருந்தன, சொல்லவில்லை. நாள் ஆக ஆகச் சொல்வது இன்னும் கடினமாகியது” என்பது உங்கள் விஷயத்தில் உண்மையென்றால் அதையே சொல்லுங்கள்.

பதிலை மனப்பாடம் செய்ய வேண்டாம். அந்தச் சொற்களை உரக்கச் சொல்லும்போது குரல் உடையாத அளவுக்குப் பழகினால் போதும்.

10. விசாரணை நாள்

உள்விசாரணையில் பொதுவாகக் குற்றவியல் நீதிமன்றத்தைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை; நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று விசாரணை அதிகாரிக்குத் தோன்றினால் போதும். ஆகவே சிறு ஓட்டைகளைத் தேடி வாதாடுவதில் பயன் குறைவு, நம்பகமாக இருப்பதில்தான் பயன் அதிகம்.

கேட்ட கேள்விக்கு முதலில் ஆம், இல்லை என்று பதில் சொல்லி, பிறகு தேவையான விவரத்தைச் சொல்லி நிறுத்துங்கள். அதன்பின் வரும் மௌனத்தை நிரப்புவது உங்கள் வேலை இல்லை; அந்த மௌனத்தைத் தாங்காமல்தான் பலர் தாங்கள் அறியாத விஷயங்களைப் பற்றியும் பேசத் தொடங்குகிறார்கள். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள். உண்மையிலேயே நினைவில்லை என்றால் அப்படியே சொல்லுங்கள், ஆனால் நெருக்கும் கேள்விகளுக்கு மட்டும் நினைவு மறப்பதை அதிகாரிகள் உடனே கவனிப்பார்கள்.

சாட்சி உங்களுக்கு எதிராகப் பேசும்போது முகத்தில் சினம் வரலாம். குறுக்கு விசாரணையில் அவரை அவமதிக்கும் கேள்விகள் வேண்டாம். அவர் சொன்னதில் எது தவறோ அதை மட்டும், ஆவணத்தைக் காட்டிக் கேளுங்கள். தவறே இல்லையென்றால் “கேள்வி இல்லை” என்று சொல்லிவிடலாம். அழுகை வந்தால் இடைவேளை கேளுங்கள், தருவார்கள்.

மன்னிப்பை ஒரே முறை, குறிப்பாகக் கேளுங்கள். யாரிடம், எதற்காக என்று இருக்க வேண்டும். என் பொய்யால் தணிக்கையாளர் முன் தலைகுனிந்தவர் என் மேலாளர். அவரிடம்தான் நான் கேட்க வேண்டியிருந்தது. “யாருக்காவது வருத்தம் ஏற்பட்டிருந்தால்” என்று தொடங்கும் மன்னிப்பைவிட, மன்னிப்புக் கேட்காமல் இருப்பதே மேல்.

அறையை விட்டு வெளியேறும் முன் விசாரணைக் குறிப்பைப் படியுங்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் திருத்தம் கேளுங்கள்; மறுத்தால், இன்ன பகுதி விடுபட்டுள்ளது என்று உங்கள் கையால் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட்டு, நகல் வாங்குங்கள்.

11. அறிக்கை, முடிவு, மேல்முறையீடு

விசாரணை அதிகாரியின் அறிக்கையும் தண்டனை உத்தரவும் வெவ்வேறானவை. விசாரித்தவரும் தண்டனை விதிப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கும்போது, முடிவெடுக்கும் முன் அறிக்கையின் நகலை ஊழியருக்குத் தர வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1993 இல் தீர்ப்பளித்தது. எந்த நாட்டில் இருந்தாலும் நகலைக் கேளுங்கள். உண்மைப் பிழை இருந்தால், தண்டனை தீர்மானிக்கப்படும் முன் அதைச் சுட்டிக்காட்ட அதுவே கடைசி வாய்ப்பு.

மேல்முறையீட்டில் முழுக்கதையையும் மீண்டும் சொல்லாதீர்கள். நடைமுறைத் தவறு, கவனிக்கப்படாத சான்று, இதே போன்ற செயலுக்கு மற்றவருக்கு அளித்ததைவிட மிகக் கூடுதலான தண்டனை ஆகிய மூன்றில் எது உங்களுக்குப் பொருந்துமோ அதை மட்டும் எடுங்கள். கெடுவைத் தவறவிடாதீர்கள், சில நிறுவனங்களில் அது மிகக் குறுகியது.

எனக்கு இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டு, கணக்குப் பிரிவிலிருந்து இடமாற்றம் தரப்பட்டது. நான் மேல்முறையீடு செய்யவில்லை, ஏனெனில் உத்தரவில் மறுக்கத்தக்க வரி எதையும் காண முடியவில்லை.

வேலை போய்விட்டால், அடுத்த விண்ணப்பப் படிவத்தில் “ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானதுண்டா?” என்ற கட்டம் வரும். அதற்கான பதிலை இப்போதே, உத்தரவின் நகல் கையில் இருக்கும்போதே, உதவியாளரோடு அமர்ந்து எழுதிவையுங்கள். இரண்டு வாக்கியம் போதும்: என்ன செய்தேன், அதற்கு என்ன தண்டனை பெற்றேன். நேர்காணலில் மேலும் கேட்டால், காலவரிசை நோட்டில் உள்ளதைச் சொல்லுங்கள். அந்த நோட்டைத் தூக்கி எறியாமல் உத்தரவோடு சேர்த்தே வைத்திருங்கள்.